‘நீ’ எனத் தொடங்கும் மொழி

நுழையும்முன்

அயல்நாட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாகும் ஒருவர் கடவுச்சீட்டு, உடை, மருந்து, பணம் ஆகியவற்றை மறவாமல் எடுத்துவைக்கிறார். செல்லும் நாட்டின் மொழியையும் கொஞ்சம் எடுத்துச்செல்ல வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. பண்பாட்டுப் பரிமாற்றத்திற்காகச் சீனம் செல்லும் மாணவர் அந்நாட்டுப் பொதுமொழியின் அடிப்படையையேனும் கற்றபின் புறப்பட வேண்டுமா? வேண்டும் என்று வாதிடுகிறது இக்கட்டுரை.

வாசலில் இருவர்

சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் குவான்சோ என்றொரு துறைமுக நகரம் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மாணவி ஒருத்தி அந்நகரில் ஒரு வீட்டில் விருந்தினராகத் தங்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறப்பவர் எழுபது வயது கடந்த பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது; மாணவிக்குச் சீனம் தெரியாது. இருவரும் புன்னகைக்கிறார்கள். புன்னகை ஒரு நிமிடம் நிற்கும். அதன்பின்? மாணவியின் கை கைபேசியைத் தேடும். பாட்டியின் கண்கள் ஆங்கிலம் படித்த பேத்தியைத் தேடும். ஒரே கூரையின்கீழ்ப் பத்து நாள் வாழ்ந்தும், அவ்விருவரும் தமக்குள் ஒரு சொல்லும் பேசாமலேயே பிரியக்கூடும்.

அதே மாணவி, கதவு திறந்ததும் ‘நைநை, நின் ஹாவ்’ என்று சொல்வதாகக் கொள்வோம். ‘நைநை’ என்றால் பாட்டி. ‘நின் ஹாவ்’ என்பது மூத்தோருக்குரிய வணக்கம். ஒலிப்பில் பிழை இருக்கலாம், இருந்தால்தான் என்ன? பாட்டியின் முகம் மலரும். அவர் மடைதிறந்தாற்போல் ஏதேதோ சொல்வார். அவற்றுள் பத்தில் ஒன்றுகூட மாணவிக்குப் புரியாது. ஆயினும் பேச்சு தொடங்கிவிட்டது. பரிமாற்றம் என்பது அந்த நொடியில்தான் பிறக்கிறது.

ஆதலால், செல்லும் நாட்டின் மொழியில் அடிப்படையைக் கற்பது விரும்பினால் செய்துகொள்ளும் பொழுதுபோக்கு அன்று. விருந்தினராகச் செல்பவரின் கடமை என்பதே என் கருத்து.

தொலைவில் ஓர் அண்மை

சீனரின் பொதுமொழியை உலகம் ‘மாண்டரின்’ என்று அழைக்கிறது. சீனர் அதனைப் ‘பூதொங்ஹுவா’, அதாவது ‘பொதுப்பேச்சு’ என்பர். தமிழ் திராவிட மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. சீனம் சீன-திபெத்திய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. இரண்டிற்கும் பிறப்பால் உறவு இல்லை. எனினும் சீனம் கற்கத் தொடங்கும் தமிழருக்கு முதல் நாளிலேயே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அம்மொழியில் முன்னிலை ஒருமைச் சொல் ‘நீ’ என்பதே! மரியாதை கருதும்போது அது ‘நின்’ என்றாகிறது. இஃது ஒலியின் தற்செயல் ஒற்றுமையே. இதைக்கொண்டு உறவு கற்பிப்பது அறிவுடைமை ஆகாது. ஆயினும் அறிமுகமற்ற ஊரில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சியை அச்சொல் தருகிறது.

தற்செயல் அல்லாத ஒற்றுமைகளும் உண்டு. அவை வாழ்க்கைமுறையில் வேர்கொண்டவை. ஆங்கிலத்தில் உடன்பிறந்த ஆண் எவரையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். சீனத்தில் அவ்வாறு இயலாது. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். அக்காளுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல். தந்தையின் தமையனும் தந்தையின் தம்பியும் தாயின் உடன்பிறந்தானும் அங்கே தனித்தனிச் சொற்களால் அழைக்கப்படுகின்றனர். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று பிரித்தழைத்துப் பழகிய தமிழ்ச் சிறுவனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆங்கிலத்தின் வழியாகச் சீனரை அறிய முயல்பவருக்கோ இந்த அண்மை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பழக்கமானவர்கள் எதிர்ப்படும்போது ‘ச்சி ல மா?’ என்று வினவுவது சீனரின் பழைய வழக்கம். ‘சாப்பிட்டாயிற்றா?’ என்பது அதன் பொருள். கேட்பவர் நம் உணவுக் கணக்கை அறிய விரும்பவில்லை, அன்பைத் தெரிவிக்கிறார். நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வியும் இதுதானே!

கல் சொல்லும் செய்தி

பிறர் மொழியை மதித்துப் பழகுவது நமக்கோ சீனருக்கோ புதிதன்று. நாம் முன்னர்க் கண்ட குவான்சோ நகரில் பொ.ஆ. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே தங்கி வணிகம் செய்த தமிழர் எழுப்பிய சிவன்கோயிலைச் சார்ந்தது அது. தமிழ் எழுத்துகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டின் முடிவில் சீன எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. கடல்கடந்து சென்று கோயில் எழுப்பியவர்கள், தம் மொழியில் மட்டும் எழுதி நிறுத்திவிடவில்லை. தமக்கு இடமளித்த மண்ணின் மொழிக்கும் அக்கல்லில் இடமளித்தார்கள். அந்நகரத்தின் பழந்துறைமுகச் சின்னங்களை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சீனரும் அவ்வாறே நடந்தனர். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹ, இலங்கையின் காலி நகரில் நிறுவிய கல்வெட்டு 1409ஆம் ஆண்டிற்குரியது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமாகிய தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபில் இறைவனைப் போற்றுகிறது. வலிமைமிக்க கப்பற்படையுடன் வந்தவர், ‘எம் மொழியை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால், அக்கரையில் வழங்கிய மொழிகளில் எழுதுவித்துக் கல்லைக் கப்பலில் ஏற்றிவந்தார். அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கடற்படைத் தலைவர் ஒருவர் செய்த ஆயத்தத்தை இன்றைய பயணி செய்யலாகாதா?

கற்றபின் சென்றவர்

பயணத்திற்குமுன் மொழி கற்பதன் இன்றியமையாமையை ஈச்சிங் என்னும் சீனத் துறவியின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அவர் 671ஆம் ஆண்டு இந்தியாவை நோக்கிக் குவாங்சோவிலிருந்து கப்பலேறினார். சுமத்திராத் தீவிலிருந்த ஸ்ரீவிசயத்தை அடைந்ததும் உடனே மேற்கே செல்லவில்லை. ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அதன்பின்னரே இந்தியா வந்து நாளந்தாவில் பல்லாண்டுகள் கற்றார். தமக்குப்பின் இந்தியா செல்ல விரும்பும் துறவியர், முதலில் ஸ்ரீவிசயத்தில் ஓரிரண்டு ஆண்டுகள் தங்கிப் பயிற்சி பெற்றுச் செல்வது நலம் என்று எழுதியும் வைத்தார். ‘கற்றபின் செல்க’ என்னும் நம் கருத்துக்கு இதனினும் பழைய சான்று வேறென்ன வேண்டும்?

அண்மைக் காலத்திற்கு வருவோம். மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் பிறந்த மருத்துவர் துவாரகநாத் கோட்னிசு, 1938ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து சீனத்திற்கு அனுப்பப்பட்ட ஐந்து மருத்துவர்களுள் ஒருவர். சப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற மக்களுக்கு மருத்துவம் செய்ய அவர் சென்றார். சென்ற இடத்தில் சீன மொழியைக் கற்று, அம்மக்களிடம் அவர்தம் மொழியிலேயே பேசினார். 1942ஆம் ஆண்டு, தம் 32ஆம் வயதில் அம்மண்ணிலேயே மறைந்தார். சீன மக்கள் அவரை இன்றளவும் நினைவில் வைத்துள்ளனர். அவர் அளித்த மருந்து நோயைத் தீர்த்தது; அவர் பேசிய மொழி அவரை அம்மக்களுள் ஒருவர் ஆக்கியது.

கருவி போதாதா?

“கைபேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே! இனி எதற்கு மொழி கற்பது?” என்று இன்றைய மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உணவகத்தின் விலைப்பட்டியலையும் தொடர்வண்டி நிலையத்தின் அறிவிப்பையும் படித்துக்காட்டக் கருவி பெரிதும் உதவும். அதை மறுப்பது அறியாமை. ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நடைமுறை பற்றியது. நாம் இங்கே அன்றாடம் பயன்படுத்தும் இணையச் சேவைகள் பலவும் சீன நிலப்பகுதியில் இயங்குவதில்லை. மின்னேற்றம் தீரலாம், இணைப்பு அறுபடலாம். வயிற்றுவலி வந்த நள்ளிரவில் ‘வலிக்கிறது’ என்னும் ஒரு சொல்லை நாவே அறிந்திருப்பது நலம்.

இரண்டாவது, உறவு பற்றியது. கருவி வழியே பேசும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இருவரும் திரையையே பார்க்கின்றனர். கருவி, சொல்லின் பொருளைத் தரும். ‘உங்களுக்காக நான் இதைக் கற்றுவந்தேன்’ என்னும் செய்தியைத் தராது. அந்தச் செய்தியைத் தடுமாறும் நா ஒன்றே தரவல்லது.

“ஆங்கிலம் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலம் வழியாகப் பேசுவோர் ஆங்கிலம் கற்றவரை மட்டுமே சந்திப்பர். சந்தையில் காய் விற்பவரும், பேருந்து ஓட்டுபவரும், வீட்டில் உணவு சமைக்கும் பாட்டியும் அவர்தம் பயணத்திற்கு வெளியே நின்றுவிடுவர். எந்த மக்களின் பண்பாட்டை அறியச் சென்றோமோ அவர்களைச் சந்திக்காமலே திரும்புவது சுற்றுலா ஆகலாம், பரிமாற்றம் ஆகாது.

அச்சமும் தெளிவும்

சீனம் கடினமானது என்னும் அச்சம் பரவலாக உள்ளது. அதில் பாதி உண்மை, பாதி மிகை.

கடினமான பகுதியை முதலில் காண்போம். சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றும். பொதுமொழியில் நான்கு தொனிகள் உள்ளன. ‘மா’ என்பதை உயர்ந்த குரலில் சமமாக ஒலித்தால் அம்மா. ஏறும் குரலில் ஒலித்தால் நார்ச்செடி. தாழ்ந்து எழும் குரலில் ஒலித்தால் குதிரை. சட்டென இறங்கும் குரலில் ஒலித்தால் திட்டுதல். வாங்குதலும் விற்றலும்கூட ‘மாய்’ என்னும் ஒரே அசைதான், தொனியே வேறுபடுத்துகிறது. உணவகத்தில் கொழுக்கட்டை போன்ற பண்டம் ஒன்றைக் கேட்க எண்ணித் தொனி பிறழ்ந்தால், உறங்க விரும்புவதாகப் பொருள்பட்டுவிடும்! தமிழில் தொனி உணர்ச்சியைக் காட்டும், சொற்பொருளை மாற்றாது. ஆகவே இதனைச் செவிவழிக் கேட்டுக் கேட்டே பழக வேண்டும்.

எழுத்தும் எளிதன்று. 2013ஆம் ஆண்டுச் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 8105 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் அன்றாட வழக்கிற்கு இன்றியமையாதவை 3500. ஆனால், தொடக்கநிலை மாணவருக்குத் துணையாக ‘பின்யின்’ என்னும் உரோமன் எழுத்துமுறை உள்ளது. சோ யூகுவாங் என்னும் அறிஞர் பெரும்பங்காற்றி உருவாக்கிய இம்முறை 1958ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. சீனக் குழந்தைகளும் இதன் துணையோடுதான் ஒலிப்பைக் கற்கின்றனர்.

இனி, எளிய பகுதி. சீன வினைச்சொற்கள் திணை, பால், எண், இடம், காலம் என எதற்கும் உருமாறுவதில்லை. சென்றேன், சென்றாய், சென்றாள், செல்வார்கள் என்னும் வேறுபாடுகளுக்கெல்லாம் அங்கே ஒரே வினைவடிவம் போதும். நேற்று, நாளை போன்ற சொற்களும் சில இடைச்சொற்களும் காலத்தை உணர்த்திவிடும். பத்து வரை எண்ணத் தெரிந்தால் தொண்ணூற்றொன்பது வரை எண்ணிவிடலாம். பதினொன்று என்பது ‘பத்து ஒன்று’. இருபது என்பது ‘இரண்டு பத்து’. நம் எண்ணுப்பெயர்களும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தவை அல்லவா?

ஒலிப்பிலும் தமிழருக்கு ஒரு நன்மை உண்டு. சீனத் தலைநகரின் பெயரிலுள்ள முதல் ஒலி, ‘பந்து’ என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் பகரத்திற்கு மிக நெருக்கமானது. ஆங்கிலேயர் ஒலிக்கும் ‘பி’ அன்று. ஆகவே ‘பெய்ஜிங்’ என்று தமிழில் எழுதியதைத் தமிழ் முறைப்படி படித்தாலே பாதி வெற்றி. பின்யினில் ‘ஆர்’ எழுத்தால் குறிக்கப்படும் ஒலி, நாவை வளைத்து ஒலிக்கும் நம் ழகரத்தின் அண்டைவீட்டுக்காரன். ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. அந்தப் பாடத்தைத் தேர்வுக்காகப் படித்த மாணவர், அதனைத் தம் நாவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையும் அயல்மொழி தருகிறது.

எவ்வளவு கற்பது?

பயணத்திற்குமுன் ஒரு மொழியை முழுவதும் கற்க இயலாது, கற்கவும் வேண்டியதில்லை. சீனமொழித் திறனறித்தேர்வின் முதல் நிலைக்கு 2010ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பாடத்திட்டம் 150 சொற்களையே கொண்டிருந்தது. அதையே நம் அளவாகக் கொள்ளலாம். நாளொன்றுக்கு அரை மணிநேரம், மூன்று சொற்கள் என்று கொண்டால் எட்டு வாரத்தில் அவ்வளவையும் கற்றுவிடலாம்.

எச்சொற்களை முதலில் கற்பது? வணக்கம், நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து என்பன முதல் வரிசை. தன் பெயர், ஊர், தான் மாணவர் என்பது இரண்டாம் வரிசை. எண்கள், விலை, நாள், நேரம் மூன்றாம் வரிசை. நீர், சோறு, தேநீர், சைவ உணவு, ஒவ்வாத உணவு நான்காம் வரிசை. பாட்டி, தாத்தா, ஆசிரியர், அக்காள், தம்பி என்னும் விளிப்பெயர்கள் ஐந்தாம் வரிசை. ‘எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்’ என்னும் தொடரை எல்லாவற்றிற்கும் மேலாக மனப்பாடம் செய்ய வேண்டும். அறியாமையை ஒப்புக்கொள்ளும் அத்தொடரே அறிவின் கதவைத் திறக்கும் சாவி.

மாணவரைப் பரிமாற்றப் பயணத்திற்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. தடுப்பூசியையும் காப்பீட்டையும் கட்டாயமாக்குவதைப் போலவே, எட்டு வார மொழிப்பயிற்சியையும் அவை கட்டாயமாக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம் கட்ட இயலாத மாணவர் விடுபட்டுவிடாதவாறு, அதனைப் பயணச்செலவிலேயே அடக்க வேண்டும்.

அரைகுறை அறிவின் அளவு

அரைகுறை அறிவு ஆபத்தன்றோ என்னும் ஐயமும் எழலாம். ஆம், அளவை மறந்தால் ஆபத்துத்தான். நூற்றைம்பது சொற்களால் ஒரு நாட்டின் வரலாறும் மக்களின் மனமும் புரிந்துவிட்டதாக எண்ணுவது பெரும்பிழை. மருத்துவமனையிலும் காவல்நிலையத்திலும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரையே நாட வேண்டும். சிலவேளை நாம் சீனத்தில் கேட்க, அவர் ஆங்கிலத்தில் விடைசொல்லக்கூடும். அவருக்கும் தாம் கற்ற மொழியைப் பேசிப் பார்க்கும் ஆசை இருக்குமன்றோ? அப்போது வருந்தாமல் பாதி வழி அவர் வர, பாதி வழி நாம் செல்வதே முறை.

மற்றோர் உண்மையையும் நினைவிற்கொள்ள வேண்டும். குவான்சோ மக்களின் தாய்மொழி மின்னான் என்னும் வேறொரு சீனமொழி. நம் கற்பனைப் பாட்டிக்கும் பொதுமொழி பள்ளியில் கற்ற மொழியாகவே இருந்திருக்கும். கற்றுத் தடுமாறியவருக்குத்தான் மற்றவர் தடுமாற்றம் புரியும். அவர் நம் பிழையைக் கண்டு சிரிக்கலாம், இகழமாட்டார்.

அந்த மின்னான் மொழியில் தேநீரைத் ‘தே’ என்பர்; பொதுமொழியில் ‘ச்சா’ என்பர். நிலவழியே பரவிய ‘ச்சா’ வடஇந்தியரின் ‘சாய்’ ஆயிற்று. மின்னான் பேசும் கடற்கரையிலிருந்து ஐரோப்பியர் கப்பல்வழியே பரவிய ‘தே’ நம் தேயிலையிலும் தேநீரிலும் நிலைத்தது. நாள்தோறும் காலையில் ஒரு சீனச்சொல்லைச் சொல்லியே நாம் விழித்தெழுகிறோம். அறியாமல் சொல்லிவந்த அதனை இனி அறிந்து சொல்வோம்.

திரும்பும்போது

மாணவர்களே! அயல்மொழியில் முதல் சொல்லைப் பேசும்போது நீங்கள் மீண்டும் குழந்தை ஆகிறீர்கள். பிழை செய்கிறீர்கள், பிறர் திருத்த, பணிவுடன் ஏற்கிறீர்கள். தமிழைத் தடுமாறிப் பேசும் பிறமொழியாளரை இனி எள்ளி நகையாட உங்களுக்கு மனம் வாராது. பயணம் தரும் கல்வியுள் இதுவே தலையாயது.

பத்தாம் நாள் அந்த மாணவி விடைபெறுகிறாள். பத்து நாளும் தேநீர் ஊற்றித்தந்து சீனச்சொற்களைத் திருத்திய பாட்டி, தன் பங்கிற்கு ஒரு சொல்லைக் கேட்டுக் கற்றிருக்கிறார். வாசலில் நின்று, ழகரத்தைப் போல் கடினமில்லாத அச்சொல்லை மெல்லக் கூட்டிச் சொல்கிறார்: ‘வ-ணக்-கம்’. நாம் ஒரு சொல்லைக் கொண்டுசென்றால்தான், அவர்கள் ஒரு சொல்லைத் திருப்பித் தருவார்கள். பரிமாற்றம் என்பதன் பொருள் அதுவே.